சாப்பிடவே இல்லை... வயிறு ஏன் உப்புகிறது? ஐ.சி.யூ நோயாளிகளுக்கு வரும் மறைமுக ஆபத்து!

சேலம் - கோவை நெடுஞ்சாலையில், சங்ககிரி அருகே நள்ளிரவில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் வந்த இளைஞருக்குக் கல்லீரலில் பலத்த அடி. 108 ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனையில் சேர்த்து, அவசர ஆபரேஷனும் முடிந்துவிட்டது. பாட்டில் பாட்டிலாக ரத்தமும் சலைனும் ஏற்றி உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் ஐ.சி.யூ-வுக்குள் போன அம்மா பதறுகிறார். "ஏனுங்க டாக்டர், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலையே... வயிறு ஏன் இப்படிப் பானையாட்டம் உப்பிக்கெடக்குது?"

அந்த அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. 'அப்டாமினல் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' என்ற உயிராபத்தின் ஆரம்பமாக அது இருக்கலாம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

வயிறு ஓரளவுக்குத்தான் விரிந்து கொடுக்கும். பெரிய விபத்து, கடுமையான தீக்காயம், கணைய அழற்சி, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று போன்ற நிலைகளில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும். டெங்கு முற்றும்போதும் இப்படிக் கசிவதுண்டு. ரத்த அழுத்தத்தைக் காப்பாற்ற ஏற்றும் சலைனிலும் ஒரு பகுதி வெளியே கசிந்து, குடலை வீங்க வைக்கும். உள்ளே ரத்தமோ நீரோ தேங்கினால் இன்னும் நெருக்கடி.

இடம் போதாமல் அழுத்தம் ஏறும்போது முதலில் அடிபடுவது பெரும்பாலும் சிறுநீரகம். சிறுநீர் குறையும். உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால் நுரையீரல் விரிய முடியாது; வென்டிலேட்டர் திணறும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். குடலுக்கு ரத்தம் போதாமல் போக, அது இன்னும் வீங்கும். வீக்கம் கூடினால் அழுத்தமும் கூடும். இந்தச் சுழற்சியை உடைக்காவிட்டால் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

தட்டிப் பார்த்தால் தெரியுமா?

நாமக்கல் பக்கம் அனுபவமுள்ள லாரி டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்தே காற்று இருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வயிற்றில் அந்த வித்தை செல்லாது. எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவரும் கையால் தொட்டு மட்டும் அழுத்தத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

அளப்பது எளிது. நோயாளிக்கு ஏற்கெனவே பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாய் வழியே 25 மில்லிக்கு மிகாமல் சலைனைச் செலுத்தி, நோயாளியை நேராகப் படுக்கவைத்து, மூச்சு வெளியேறும் கடைசி நொடியில் அளவைப் பார்ப்பார்கள். புதிதாகக் கத்தியோ ஊசியோ படத் தேவையில்லை. ஆபத்து இருப்பவர்களுக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பது வழக்கம்.

எண்கள் சொல்வது என்ன?

* 5 - 7 மி.மீ பாதரசம்: தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது இயல்பு.
* 12-ம் அதற்கு மேலும் தொடர்ந்து நீடித்தால்: அழுத்தம் கூடிவிட்டது.
* 20-க்கு மேல் நீடித்து, புதிதாக ஓர் உறுப்பும் செயலிழந்தால்: உயிராபத்து.

உடல் பருமன் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பு அளவே சற்றுக் கூடுதலாக இருக்கும்.

1984 சொன்ன பாடம்

அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் இர்விங் கிரானும் சகாக்களும் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்று அழுத்தம் எகிறி, சிறுநீர் நின்றுபோன நோயாளிகளில் ஏழு பேருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்தார்கள். உடனே சிறுநீர் வந்தது. திறக்கப்படாத நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

சிகிச்சை என்ன?

எடுத்ததும் கத்தி இல்லை. மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வது, எனிமா கொடுப்பது, தேங்கிய நீரை ஊசிக்குழாயால் வடிப்பது, வலியையும் வயிற்றுத் தசை இறுக்கத்தையும் மருந்தால் தளர்த்துவது, சலைனை அளந்து ஏற்றுவது... இவைதான் முதல் படிகள்.

இதற்கும் அடங்காவிட்டால் வயிற்றைத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். வீங்கிய குடல் வடியும்வரை சில நாள்களுக்கு வயிற்றைத் தைக்காமல், கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறையாலோ உறிஞ்சும் கருவியாலோ மூடி வைப்பார்கள். குடும்பத்தினர் அதிர்ந்துபோவது இங்குதான். "தைக்காமலே விட்டுட்டாங்களே" என்று பதற வேண்டாம். அவசரப்பட்டு இழுத்துத் தைத்தால் அழுத்தம் மறுபடியும் ஏறும்.

குடும்பத்தினர் கவனிக்க...

* ஐ.சி.யூ-வில் இருப்பவரின் வயிறு இறுகி உப்பினாலோ, சிறுநீர்ப் பை நிரம்பாமல் இருந்தாலோ உடனே சொல்லுங்கள்.
* "வயிற்று அழுத்தம் அளந்தீர்களா, எவ்வளவு இருக்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள்.
* மருத்துவர் அனுமதிக்காமல் வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்.
* மறு ஆபரேஷன் தேவை என்றால் காரணத்தைக் கேட்டுத் தெளியுங்கள். ஆனால், சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து சேரட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.
* சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு உதவி உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சாப்பிட்டபின் வரும் வாயு உப்புசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால், ஐ.சி.யூ கட்டிலில் இருப்பவர் விஷயத்தில், அந்த அம்மாவைப் போல ஒரு கேள்வி கேட்பது தப்பே இல்லை. அது ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.