கேசினோ மேனேஜருக்கு என்னதான் வேலை?

"கப்பல்ல வேலை" என்றுதான் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வார். யாராவது விடாமல் துருவினால் "ஹோட்டல் மாதிரிதான்" என்று முடித்துக்கொள்வார். மயாமியிலிருந்து கிளம்பி கரீபியன் தீவுகளைச் சுற்றித் திரும்பும் உல்லாசக் கப்பல்களில், கேசினோவில் ஒன்பது வருஷம் இருந்தேன். முதலில் டீலர், அப்புறம் சூப்பர்வைசர், கடைசி மூன்று வருஷம் மேனேஜர். வேலையை விட்ட பிறகும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: "உண்மையைச் சொல்லு, எப்படி ஏமாத்துவீங்க?"

ஏமாற்றுவதே இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு 0, ஒரு 00. மொத்தம் 38 குழிகள். ஓர் எண்ணில் ஒரு டாலர் வைத்து ஜெயித்தால் 35 டாலர் கிடைக்கும், வைத்த டாலரும் திரும்ப வரும். இப்போது 38 எண்களிலும் ஆளுக்கொரு டாலர் வையுங்கள். போனது 38, வந்தது 36. பந்து எங்கே விழுந்தாலும் 2 டாலர் எங்களுக்கு. அதாவது 5.26 சதவீதம். ஐரோப்பியச் சக்கரத்தில் 00 கிடையாது, அங்கே 2.70. இதைத்தான் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்கள். சகுனிக்குத் தன் சொல் கேட்கும் பகடை வேண்டியிருந்தது. எங்களுக்கு யார் சொல்லும் கேட்காத பகடை வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆள் எதிரே நிற்கும் ஆட்டக்காரராகத்தான் இருப்பார். பகடைகளை ஒளி ஊடுருவும் பொருளில் செய்து, வரிசை எண் போட்டு, அளந்து பார்த்து, சீக்கிரமே மாற்றிவிடுவதெல்லாம் அதற்காகத்தான்.

சரி, கணக்கே சம்பாதித்துக் கொடுக்கிறது என்றால் மேனேஜர் எதற்கு? எட்ஜ் என்பது விகிதம் மட்டும்தான். அது பணமாக மாற வேண்டுமானால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு பேர் உட்கார்ந்த பிளாக்ஜாக் மேஜையில் மணிக்கு ஐம்பது சொச்சம் ஆட்டம்தான் முடியும். ஒரே ஆள் என்றால் இருநூறை நெருங்கும். கூட்டம் கொஞ்சம் சேர்ந்ததும் பக்கத்து மேஜையை நான் திறந்துவிடுவது, நீங்கள் காத்திருக்கக் கூடாது என்ற கரிசனத்தால் மட்டும் இல்லை. சீட்டைக் கலைக்க இயந்திரம் வைப்பதும் அப்படித்தான், ஏன்னா டீலர் கையால் கலைக்கும் நேரத்தில் யாரும் பணம் வைப்பதில்லை.

மேஜைத் துணியில் அச்சடித்திருக்கும் ஒரு வரியையும் சொல்ல வேண்டும். பிளாக்ஜாக் விழுந்தால் முன்பெல்லாம் 3க்கு 2 கொடுப்பது வழக்கம், அதாவது 10 டாலருக்கு 15. இப்போது நிறைய இடங்களில் 6க்கு 5, அதே 10 டாலருக்கு 12. இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் எட்ஜ் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூடுகிறது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதித்தான் இருக்கிறது. ஆனால் உட்காருகிறவர்கள் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்ற பலகையைத்தான் பார்ப்பார்கள். மூன்று வருஷத்தில் இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மற்றதெல்லாம் குமாஸ்தா வேலை. எந்த மேஜைக்கு எத்தனை சிப் போனது, எவ்வளவு திரும்பியது, பணப்பெட்டியில் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கையெழுத்து. மேஜையை விட்டு நகரும் டீலர் இரண்டு கைகளையும் தட்டி, விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எனக்குக் கீழே வரமாட்டார்கள். அவர்கள் என்னையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். லீவில் ஊருக்கு வந்தபோது மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு கையைத் தட்டி விரித்துக் காட்டியிருக்கிறேன். அண்ணாச்சி ஒரு மாதிரி பார்த்தார்.

யாராவது பெரிய தொகை ஜெயித்தால்? கை குலுக்குவேன். அந்த மேஜையின் வீடியோவைப் பார்க்கச் சொல்வேன், சீட்டுக்கட்டைச் சரிபார்ப்பேன். பிறகு அவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு ராத்திரியில் எதுவும் நடக்கலாம். ஆறு ராத்திரி அவர் உட்கார்ந்திருந்தால் கணக்கு தன் வழிக்கு வரத் தொடங்கும். கப்பலில் இது இன்னும் வசதி. துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் கேசினோவை மூடி வைத்திருப்போம். நடுக்கடலில்தான் திறப்போம், அங்கே ஜெயித்தவர் வேறெங்கும் போக முடியாது.

இனி சொல்லப் போவது 'தியோ' பற்றி. எந்த ஆட்டக்காரரும் இதைக் கேட்டதில்லை, எங்கள் பேச்சிலோ இது இல்லாமல் ஒரு நாளும் போகாது. ஒருவர் எவ்வளவு இழந்தார் என்பது வேறு, எவ்வளவு இழந்திருக்க வேண்டும் என்பது வேறு. இரண்டாவதுதான் தியோ. ஒரு தடவைக்கு 25 டாலர், மணிக்கு 60 ஆட்டம், நாலு மணி நேரம். மொத்தம் 6,000 டாலர் மேஜையில் புரண்டிருக்கிறது. எட்ஜ் 2 சதவீதம் என்றால் அவருடைய தியோ 120 டாலர். அன்றைக்கு அவர் ஆயிரம் டாலர் ஜெயித்திருந்தாலும் எங்கள் ஏட்டில் அவர் 120 டாலர் ஆள்தான். இலவச மது, இலவச அறை எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். நிறைய தோற்றவருக்கு ஆறுதலாகக் கொடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அடுத்த தடவை தோற்கப் போவதிலிருந்து ஒரு பங்கை முன்கூட்டியே கொடுக்கிறார்கள்.

கப்பலில் அந்தப் பங்கு ஒரு கடிதமாக வரும். பயணத்தின் கடைசி ராத்திரி, அடுத்த பயணத்துக்கு அறை இலவசம், வரியும் துறைமுகக் கட்டணமும் மட்டும் கட்டினால் போதும் என்று அச்சடித்து, என் கையெழுத்தோடு கதவுக்கு அடியில் போடுவோம்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருவார். தனியாக வருவார், ஸ்லாட் எந்திரம் மட்டும்தான் ஆடுவார். சூப்பர்வைசர் குத்துமதிப்பாக எழுதும் மேஜை ஆட்டம் மாதிரி இல்லை ஸ்லாட். கார்டைச் செருகியதுமே ஒவ்வொரு சுற்றும் பதிவாகிவிடும். சுற்றுக்கு ஒரு டாலர், மணிக்கு 600 சுற்று, எந்திரம் 10 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 டாலர். தினம் ஐந்து மணி நேரம், ஆறு ராத்திரி என்றால் 1,800. அந்த அறையைக் காசு கொடுத்து வாங்கினால் அதில் பாதிதான் ஆகும். "எனக்கு இந்தக் கப்பல் இலவசம் தெரியுமா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். நான் அந்தப் பக்கமாகப் போனால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

மூன்றாவது தடவை வந்தபோது அவருடைய கிரெடிட் கார்டு இரண்டு தடவை திரும்பியது. வேறு கார்டு கொண்டுவந்தார். அன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேசினோ செலவுக்குத் தினசரி வரம்பு வைத்துக்கொள்ளலாம், வேண்டுமென்றால் உங்களை அனுமதிக்கவே வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னேன். படிவம் என் கையில் இருந்தது. அவர் எந்திரத்தை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு நாளா எனக்குக் கடிதம் எழுதியது நீங்கள்தானே?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

கடைசி ராத்திரி அவருக்கான கடிதமும் அச்சாகி வந்தது. அதை மட்டும் கையெழுத்துப் போடாமல் மேஜை அறைக்குள் வைத்தேன். காலையில் எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்த நேரம், பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே என் ஆபீசுக்கு வந்தார். கதவுக்கு அடியில் எதுவும் இல்லையே, தவறிவிட்டதா என்று கேட்டார். கடிதம் யாருக்குப் போகும் என்பதைத் தியோதான் முடிவு செய்யும், நிறுத்திவைக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறையைத் திறந்து, அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாங்க்யூ சொல்லி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் வேலையில் இருந்தேன். நாலாவது தடவை அவர் வந்தபோது என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சாட்சிக்குக் கூப்பிடவில்லை.