படத்தில் ரவை தூவியது யார்?

கார்த்திகையன்று வாசலில் வரிசையாக அகல் ஏற்றி, பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையை நடுவில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறீர்கள். காமிராவின் சின்னத் திரையில் ரம்மியமாகத்தான் இருக்கிறது. மறுநாள் பெரிதாக்கிப் பார்த்தால், குழந்தையின் கன்னத்தில் யாரோ ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள்! சிவப்பும் பச்சையுமாக வேறு.

"ஐ.எஸ்.ஓ. நம்பரை ஏற்றினாய் அல்லவா, அதுதான்!" என்று வீட்டில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாதி நியாயந்தான் அது.

ஃபிலிம் எவ்வளவு சீக்கிரம் ஒளியை வாங்கும் என்பதற்கு அமெரிக்கர் ஒரு கணக்கும் ஜெர்மானியர் ஒரு கணக்கும் வைத்திருந்தார்கள். 1974-ல் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் இரண்டையும் சேர்த்தது. அதன் பெயரே நம்பருக்கும் வந்துவிட்டது. வேகமான ஃபிலிமில் வெள்ளித் துணுக்குகள் பெரியவை; படம் சற்றுச் சொரசொரக்கும்.

டிஜிட்டல் காமிராவில் மாற்றுவதற்குச் சுருள் ஏது? ஒளியை வாங்கும் சென்ஸார் ஒன்றேதான். நம்பரை ஏற்றினால், அது வாங்கியதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. தூரத்து ரேடியோ நிலையத்தின் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடுகிறதே, அதே கதை.

கரகரப்பு எங்கிருந்து வந்தது? முற்றத்தில் பத்துக் கிண்ணங்களை வையுங்கள். தூறல் போட்டால் ஒன்றில் மூன்று சொட்டு, பக்கத்துக் கிண்ணத்தில் ஒன்று. அடைமழையானால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஒளியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. சராசரி 100 துகள் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு 10 அளவில் இருக்கும். பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுந்தால் 100. நூற்றில் ஒரு பங்குதான். சென்ஸாரின் மின்சார இரைச்சலும் கொஞ்சம் சேரும். ஆகவே, நம்பரைத் திட்டிப் பயனில்லை. வெளிச்சப் பஞ்சம் அது! செல்போனில் கிண்ணங்கள் மிகச் சிறியவை, தொல்லையும் அதிகம்.

சரி, நம்பரை 400-லேயே வைத்தால்? ஷட்டர் 1/15 விநாடி திறந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். அதற்குள் குழந்தை திரும்பிவிடும், முகம் கரைந்துபோகும். 1/60 ஆக்கினால் ஒளி கால் பங்கு, நம்பர் 1600. புள்ளி விழும்தான், விழட்டுமே! அதைக் கம்ப்யூட்டரில் ஓரளவு குறைக்கலாம். கரைந்துபோன கண்ணை மீட்பது கஷ்டம். 400-லேயே இருட்டாக எடுத்துப் பிறகு வெளிச்சமாக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். புள்ளி குறையாது, சில காமிராக்களில் கூடவும் செய்யும்.

இன்னும் ஐந்தாறு அகலைக் குழந்தையின் முகத்துக்கு எதிரே, பாவாடை எட்டாத தூரத்தில் வையுங்கள். கொஞ்சம் எண்ணெய்ச் செலவு, அவ்வளவுதான். ஃப்ளாஷ் மட்டும் கூடாது. தீபம் ஏற்றிய வாசல் போலீஸ் ஸ்டேஷன் வாசல் மாதிரி ஆகிவிடும்!