மனையின் விலையும் வழிச்செலவும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கல் நட்டுப் பிரித்த வீட்டுமனைகளைக் காண்கிறோம். ‘நகர்’ என்ற பெயர்ப்பலகை முதலில் வந்துவிடுகிறது. வீடுகள் பிறகு வருகின்றன. பேருந்து எப்போது வருமென்று சொல்வாரில்லை. ஊருக்குள் ஒரு சென்ட் வாங்கும் பணத்துக்கு அங்கே பல சென்ட் கிடைக்கிறதே என்று நம் குடும்பத்தார் முன்பணம் கொடுத்துவிடுகின்றனர்.

விலை ஏன் குறைகிறது? ஜெர்மானிய அறிஞர் வான் தியூனன் 1826-ஆம் ஆண்டிலேயே விடை கூறினார். சந்தையைவிட்டு நிலம் விலக விலக வண்டிக்கூலி ஏறும். அதற்கேற்ப நிலத்தின் குத்தகை இறங்கும். அவர் பேசியது விளைபொருளைப் பற்றி. எனினும் வேலைக்குச் செல்லும் மனிதருக்கும் அது பொருந்தும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வேலையிடம் 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்தால், போக வர நாளொன்றுக்கு 30. மாதத்தில் 25 நாட்களுக்கு 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 15 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000, பத்தாண்டுகளில் 1,80,000. டயரும் பழுதுபார்ப்பும் இதில் சேரவில்லை. மகளின் கல்லூரி எதிர்த் திசையில் அமைந்துவிட்டால் அது தனிச் செலவு!

கஞ்சமலை அடிவாரத்தில் 1970-இல் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியபோது திட்டமிட்டோர் இதனை அறிந்திருந்தனர். ஆலைக்கு அருகிலேயே மோகன் நகர் குடியிருப்பு எழுந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வழிச்செலவு சொற்பமே. ஆனால் அவர் மனைவிக்குச் சேலம் நகருக்குள் வேலை கிடைத்தால் அவருக்கு அதே குடியிருப்பு தூரமாகிவிடும். அண்மை என்பது யாருடைய வேலைக்கு அண்மை என்பதைப் பொறுத்தது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். பெரிய உதவிதான், அப்பேருந்து வராத மனைக்கு அதனால் பயனில்லை. போக்குவரத்து இடம் மாறுவதும் உண்டு. நாமக்கல்லுக்கு 2013-இல் இரயில் வந்தது. 2024-இல் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பழைய நிலையத்துக்கு நடந்துசெல்லும் தூரம் என்று வீடு வாங்கியவர், வெளியூர்ப் பேருந்தைப் பிடிக்க இன்று இன்னொரு வண்டி ஏற வேண்டும்.

மனை பார்க்க ஞாயிறன்று தரகரின் காரில் செல்ல வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மனையருகே நின்று, வேலையிடத்துக்குப் பேருந்தில் சென்று பாருங்கள். இரவில் திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை நடத்துநரிடம் கேளுங்கள், தரகரிடம் அன்று.