அணிவகுப்பு பேண்டு ஏன் நிமிடத்துக்கு 120 அடி போடுகிறது?

சுதந்திர தின அணிவகுப்பில் பேண்டு தொடங்கியதும், ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கிறவரின் கால்கூட தானாகத் தாளம் போடும். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-வது அணி இருக்கும் ராஜபாளையத்துக்கு அணிவகுப்பு புதிதல்ல. அங்கிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர். அங்கே நாதஸ்வரமும் தவிலும். இரண்டும் நடப்பதற்கான இசைதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வேகம், சுருதி, குணம் என்று பிரித்துப் பார்ப்போம்.

வேகத்தை முடிவு செய்வது யார்?

பாடல் எழுதியவர் அல்ல, கால்கள்தான். வேக நடையில் நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. அதாவது நொடிக்கு இரண்டு. ஓர் அடி 30 அங்குலம் என்றால், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 90 மீட்டர். இசை இரண்டிரண்டு எண்ணிக்கையாக ஓடும். முதல் எண்ணிக்கையில் பெரிய டிரம் 'டம்' என்று விழும்போது இடது கால் தரையில் இருக்க வேண்டும்.

எல்லாப் படைக்கும் இதே வேகம் கிடையாது. பிரான்ஸின் அயல்நாட்டுப் படைப்பிரிவு நிமிடத்துக்கு 88 அடிதான் நடக்கும். பிரிட்டனின் ரைஃபிள் படைகள் 140-ஐத் தொடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பேண்டிலிருந்து 85 மீட்டர் பின்னால் வருபவருக்கு டிரம் சத்தம் கால் நொடி தாமதமாகக் கேட்கும். 120 வேகத்தில் அது அரை அடி! அதனால்தான் காதை மட்டும் நம்பாமல், முன்னால் போகிறவரின் காலையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கலாம்.

சுருதி: கருவி சொல்வதுதான் சட்டம்

டிரம்பெட், கிளாரினெட், யூஃபோனியம் போன்ற பேண்டு கருவிகள் பெரும்பாலும் 'பி ஃபிளாட்', 'இ ஃபிளாட்' சுருதிகளில் செய்யப்படுகின்றன. நம்ம கணக்கில் ஆறரைக் கட்டை, இரண்டரைக் கட்டை. வெயிலில் நடந்துகொண்டே வாசிப்பவருக்கு விரலும் உதடும் சுலபமாகப் போகிற சுருதிதான் வசதி. அதனால் பெரும்பாலான அணிவகுப்பு இசையும் அந்தச் சுருதிகளையும், அவற்றை ஒட்டிய சுருதிகளையும் சுற்றியே எழுதப்படுகிறது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளை பிரபலமாக்கிய பாரி நாயனமும் இரண்டு, இரண்டரைக் கட்டைதான் என்பது சுவையான ஒற்றுமை.

பாதியில் சுருதி மாறுவதையும் கவனித்திருப்பீர்கள். 'டிரியோ' எனப்படும் பகுதி வந்ததும் மத்தியமமே புது ஷட்ஜமாகிவிடும். அமெரிக்காவின் ஜான் ஃபிலிப் சூசா 1896-ல் எழுதிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ் ஃபாரெவர்' இரண்டரைக் கட்டையில் தொடங்கி ஐந்தரைக்கு மாறுவது இப்படித்தான். அந்த இடத்தில் இசை கொஞ்சம் இளகும், நடை மாறாது.

குணம் எங்கிருந்து வருகிறது?

அணிவகுப்பு மெட்டுகளில் பல மேஜர் ஸ்கேலில் அமைந்தவை. அதே ஏழு சுரங்கள்தான் நமக்குச் சங்கராபரணம். சென்னையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார் முத்துசுவாமி தீட்சிதர். 'நோட்டு ஸ்வரங்கள்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவற்றைத்தான். அவர் 1835-ல் மறைந்தது, கோவில்பட்டி தாண்டியிருக்கும் எட்டயபுரத்தில்.

மேஜர் என்றால் மகிழ்ச்சி, அவ்வளவுதானே என்று கேட்கலாம். இல்லை. ஹேண்டலின் 'சால்' (1739) படைப்பில் வரும் 'டெட் மார்ச்', இறுதி ஊர்வலங்களுக்கென்றே உலகறிந்த இசை. அதுவும் மேஜர்தான். வேகம் பாதியாகக் குறைந்து, துப்பாக்கிகள் தலைகீழாகத் திரும்பும்போது, அதே சுரங்கள் தொண்டையை அடைக்கும். பயிற்சி முடித்த காவலரை வாழ்த்துவதும், பணியில் உயிர்நீத்தவரை வழியனுப்புவதும் பேண்டின் வேலை. கருவிகள் மாறுவதில்லை. பெரிதும் மாறுவது வேகம்.

தேருக்கு முன்னால்...

சுவாமி புறப்பாட்டுக்கான நாதஸ்வர உருப்படி மல்லாரி. ராகம் கம்பீர நாட்டை, சாகித்தியம் கிடையாது, ஒரே உருப்படியை மூன்று காலங்களில் வாசிப்பார்கள். இதுவும் வீரமும் கம்பீரமும் உள்ள இசைதான். ஆனால் ஊர்வலத்துக்கு நிமிடக் கணக்கு கிடையாது. தேர் முட்டுக்கட்டையில் நிற்கும், வடம் பிடிப்பவர்கள் மூச்சு வாங்குவார்கள், திருப்பத்தில் நேரமாகும். அதுவரை ராகம் நீளும், தவில் நிரப்பும்.

பேண்டில் கால்கள் இசைக்குக் கட்டுப்படுகின்றன. தேர் வீதியில் இசை காத்திருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

அடுத்த முறை பேண்டு கேட்டால் மூன்றைக் கவனியுங்கள்: 'டம்' விழும்போது எந்தக் கால் தரையில் இருக்கிறது, நடுவில் சுருதி எங்கே மாறுகிறது, நிமிடத்துக்கு எத்தனை அடி. கைக்கடிகாரம் போதும், நொடிக்கு இரண்டு அடி விழுந்தால் அது வேக நடை. அதில் பாதி என்றால், தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.