மூன்றாம் வகுப்பு படித்த நாவலாசிரியை



திருநெல்வேலிச் சீமையின் கடலோர ஊரான உவரியைத் தாங்கள் அறிந்திருக்கக் கூடும். அவ்வூரில் பிறந்த ஜோ டி குருஸ் 2004-ஆம் ஆண்டில் 'ஆழி சூழ் உலகு' என்னும் நாவலை எழுதி, கட்டுமரம் ஏறிய தம் மக்களின் வாழ்வை உலகறியச் செய்தார். ஆவணப்படங்களும் எடுத்தார். ஒரு கரையின் கதையை அக்கரையில் பிறந்தவரே சொல்லும்போதுதான் அதில் உப்பின் கரிப்பு இருக்கும். அங்ஙனமாயின், நம் வீட்டு உள்ளறைகளில் வாழ்ந்த பெண்களின் மனத்தை யார் எழுதுவது?

வடக்கே, நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அக்கேள்விக்கு அன்றே விடையானார். பள்ளியில் அவர் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையில்தான். சிறு வயதிலேயே மணமுடித்து, இளமையிலேயே கணவரை இழந்தவர். ஆயினும் வாசிப்பை விட்டாரில்லை. 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் அவருடைய நாவல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் என்றால் அதன் பெருமை விளங்கும். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவர் போற்றப்படுகிறார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 21!

கடல் கடந்து அல்ஜீரியாவைப் பாருங்கள். 1936-இல் பிறந்த ஆசியா ஜெபாரும் அதே வயதை ஒட்டித்தான், 1957-இல், முதல் நாவலை வெளியிட்டார். அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர்; மகளைப் பள்ளிக்கு அனுப்பி, பாரிஸ் வரை படிக்கவும் வைத்தார். ஆனால் ஆசியா எழுதியதோ பிரெஞ்சு மொழியில். தம் தாய்வழிக் கிராமத்துப் பெண்களின் குரலைப் பதிவு செய்ய அவர் கேமராவைக் கையிலெடுத்தார். செனுவா மலைப் பெண்கள் தம் விடுதலைப் போர் நினைவுகளைப் பேசிய அப்படம் 1979-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர் பரிசு பெற்றது. 2005-இல் பிரெஞ்சு அகாதமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 2015-இல் அவர் மறைந்தார்.

ஒருவருக்குக் கல்விக்கதவு அகலத் திறந்தது. மற்றவருக்குப் பாதியிலேயே அடைபட்டது. 1998-இல் மறைந்த நம் ஜுனைதா அம்மையார் மூன்றாம் வகுப்போடு இவ்வளவு சாதித்தார் என்று வியக்கிறோம். இன்னும் படித்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பார் என்று ஏங்க வேண்டாமா?

சகோதரியே, உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இன்றிரவு புரட்டிப் பாருங்கள். அங்கே ஒரு கதை தொடங்கியிருந்தால், அதை முடிக்க அவளுக்கு நேரம் கொடுங்கள்.