குஞ்சுகளுக்கு மோர் கொடுக்கலாமா?

ராசிபுரம் பகுதி வாசகி ஒருவர் கேட்கிறார்: "நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கழிந்தால் மோர் வைக்கச் சொல்கிறார் மாமியார். கடைக்காரர் ஆன்டிபயாடிக் பொடி தருகிறார். எது சரி?"

கழிச்சல் எதனால் என்று முதலில் பாருங்கள். வெள்ளைக் கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. அதற்கு மோரும் கேட்காது, பொடியும் கேட்காது. 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரத்தில் இறக்கையில் தடுப்பூசி, இவைதான் காப்பு. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்படியானால் மோர் எதற்கு? நோய் வருமுன் குடலைப் பலப்படுத்த. தயிரில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பில் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கெட்ட கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. குடல் சுவரில் நல்லவை முதலில் இடம் பிடித்துவிட்டால், கெட்டவைக்கு ஒட்ட இடமும் குறைவு. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலத்தான்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு, அதன் எச்சத்தையும் மண்ணையும் கிளறும்போதே இந்த நுண்ணுயிர்களைப் பெற்றுவிடும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பின்லாந்தில் நூர்மி என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான பெரிய கோழியின் குடல் நுண்ணுயிர்களைப் புதுக்குஞ்சுகளுக்குக் கொடுத்து, அவை சால்மொனெல்லாவைத் தாங்குவதை 1973-ல் வெளியிட்டார். இன்று நாமக்கல் பண்ணைகளில் தீவனத்தோடு கலக்கும் புரோபயாடிக்குகளுக்கு அடிப்படை அதுதான்.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தருவதை நம் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. சீட்டில்லாமல் பொடி வாங்கிக் கலப்பவர்கள், அதற்கு அடங்காத கிருமிகளைத் தம் வீட்டு முற்றத்திலேயே வளர்க்கிறார்கள். நல்ல பாக்டீரியாவும் அதே பொடியில் செத்துவிடும் என்பது தனி நஷ்டம்.

இனி மோருக்கு வருவோம். அன்று உறைந்த தயிரை நன்றாக நீர்க்கக் கரையுங்கள். உப்பு கூடவே கூடாது, குஞ்சுகள் தாங்காது. குளோரின் கலந்த தண்ணீர் வேண்டாம், அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும். கொஞ்சமாக வையுங்கள், பாலில் உள்ள சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது, அதிகமானால் அதனாலேயே கழியும். நம் ஊர் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, பக்கத்தில் நல்ல தண்ணீரும் வையுங்கள். மண்சட்டியோ பிளாஸ்டிக்கோ நல்லது. துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரம் வேண்டாம், புளிப்பில் துத்தநாகம் கரைந்து இறங்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பால் சர்க்கரையைச் செரிக்க அந்தப் பாக்டீரியாவே உதவுகிறது. ஆனால் கொதிக்கவிட்ட மோர்க்குழம்பில் அது உயிரோடு இருக்காது. ருசிக்குச் சாப்பிடலாம், அவ்வளவுதான்.