சம்பாவில் ஒரு மியூசியம்

டில்லித் தமிழர்கள் எல்.டி.சி. கிடைத்தால் சிம்லாவுக்கும் மணாலிக்கும் போவார்கள். சம்பாவுக்குப் போகிறவர் அபூர்வம். பதான்கோட்டில் ரயிலை விட்டு இறங்கி, சுமார் 120 கிலோமீட்டர் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கியாக வேண்டுமே!

ராவி நதிக்கரையிலுள்ள அந்த ஊரில், 1908-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி திறக்கப்பட்டது பூரிசிங் மியூசியம். அப்போது சம்பா தனிச் சமஸ்தானம். ராஜா பூரிசிங் தம் குடும்பத்து ஓவியங்களைக் கொடுத்துத் தொடங்கி வைத்தார். தொல்பொருள் இலாகாவிலிருந்த டச்சு அறிஞர் வோகல், மலைக்கிராமங்களில் அலைந்து கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்தவர். அவர் உழைப்பு இங்கே நிறைய உண்டு.

முதலில் எல்லோரும் பார்ப்பது 'சம்பா ருமால்'. பெயர்தான் கைக்குட்டை; கல்யாணச் சீர்த்தட்டுகளை மூடும் துணி அது. அரண்மனை ஓவியர் கோடு வரைந்து கொடுக்க, பெண்கள் முறுக்காத பட்டுநூலால் தைத்தார்கள். கிருஷ்ணனும் கோபியரும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிவார்கள். திருப்பிப் பார்த்தால் ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படாது. வீட்டில் எம்பிராய்டரி போடும் பெண்களை அழைத்துப் போனால், அவர்களை அந்த இடத்தை விட்டு நகர்த்துவது கஷ்டம்.

ஆனால் நின்று பார்க்க வேண்டியவை ஊற்றுக் கற்கள். இறந்தவர்களின் புண்ணியத்துக்காக ஊற்றடியில் நிறுத்திய பெரிய பலகைக் கற்கள் இவை. வருணனும் நதி தேவதைகளும் செதுக்கப்பட்டிருக்கும். கல்லிலுள்ள துவாரம் வழியே தண்ணீர் கொட்டும். நம் ஊர் நடுகல் நினைவுக்கு வரும். அது வீரனுக்கு, இது தாகத்தோடு வருகிறவனுக்கும் சேர்த்து.

தேவி-ரி-கோட்டி என்ற ஊரின் கல், 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாகபாலன் என்ற குறுநிலத் தலைவனின் தந்தை இறந்தபோது, தாய் உடன்கட்டை ஏறத் துணிந்தாள். பிள்ளைகள் தடுத்துவிட்டார்கள். பிறகு அவள் விரதமிருந்து உடம்பை வாட்டிக்கொண்டு, கணவனின் நற்கதிக்காக இந்த ஊற்றைக் கட்டுவித்தாள். எண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த வீட்டுச் சமாசாரம் கல்லில் இருக்கிறது.

எழுத்து சாரதா லிபி. இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். சம்பாக்காரர்கள் கணக்கெழுதிய டாக்ரி லிபியும் நாகரி வந்தபின் வழக்கிழந்தது. பாட்டனார் எழுதிய கடன் பத்திரத்தையே பேரன் படிக்க முடியாத நிலை. சுராஹ், பாங்கிப் பக்கம் இன்னும் சில கற்கள் ஊற்றடியிலேயே பாசி பிடித்து நிற்கின்றன. அவற்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு புறப்படுகிறவர்கள் கவனிக்கவும்.